காட்டில் வெட்டிய கவ்வாத்து

பால்மா கரைப்பதற்காகக் குழாயைத் திறந்தேன். சாயத் தேத்தண்ணி வந்தது.

தேயிலைத் தோட்டம் என்றால் குழாயிலும் தேத்தண்ணிதான் வருமோ என்று கொழும்பில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் பிறகு போனில் கேலி பேசினார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். மண். விரல் இடுக்கில் நறநறவென்று உரசியது. ஈரச் சருகு அழுகிய மணம் கூடவே வந்தது.

நான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தின் ஆயா. கொழுந்து எடுக்கப் போன தாய்மாரின் குழந்தைகள் பாய் நிறையக் கிடந்தார்கள். பசி நேரம். ஒன்று அழுதால் மற்றவையெல்லாம் சேர்ந்து அழும். அந்த விஷயத்தில் எங்கள் தொழிற்சங்கங்களைவிட அவர்களுக்கு ஒற்றுமை அதிகம்.

குழாயை மூடினேன், திறந்தேன். மறுபடி மூடினேன், திறந்தேன். நிறம் மாறவில்லை.

இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே தேயிலை மலை, தேயிலை மலைக்கு மேலே காடு, காட்டுக்குள்ளே ஓர் ஊற்று. அங்கிருந்து கறுப்புக் குழாய் ஒன்று இறங்கி வந்து எங்கள் எல்லோருக்கும் தண்ணீர் தருகிறது. அடைமழைக் காலத்தில் லேசாகக் கலங்கும். வெயில் காலத்தில் நூலாக வரும். சிவந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

முதல் நாள் கேத்தலில் ஆறிக்கிடந்த மிச்சத் தண்ணீரைச் சூடாக்கி ஒப்பேற்றினேன். உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வந்து பாருங்க அண்ணி

லயத்துப் பொதுக்குழாயடியில் பெண்கள் வாளிகளை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். பொன்மணியும் நின்றாள்.

பொன்மணி என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். சில வாரங்களுக்கு முன் எழுதிய திருவிழாக் கதையில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் குடையைப் பிடுங்கி மழையில் நனைந்த சாமிக்குப் பிடித்தவள் அவள்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்: கணவன் தவறிப்போய்விட்டான், உயர்தரம் படிக்கும் மகள் ஒருத்தி, வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். அந்தச் சமயத்தில் காட்டு இலாகாவிடம் வேலை செய்த எங்கள் லயத்துக் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"நேத்து பெஞ்ச மழையில எருமை ஏதாச்சும் ஊத்துக்குள்ள எறங்கிக் கலக்கியிருக்கும் அண்ணி," என்றாள். "வாங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம். அப்படியே நாங்க போன வாரம் முடிச்ச வேலையையும் பாருங்க. பாத்தீங்கன்னா அசந்து போயிருவீங்க."

தேயிலை மலை வழியாக ஏறினோம். அவள் முன்னால் பேசிக்கொண்டே போனாள். பாதையை மூடிக்கிடந்த நெலுவை எப்படி எடுத்தார்கள், யார் யார் மட்டமாக வெட்டினார்கள், யாருக்குக் கை வலி வந்தது என்றெல்லாம் சொன்னாள். நெலு என்பது எங்கள் குளிர்க்காடுகளில் ஆள் உயரத்துக்கு அடர்ந்து வளரும் செடி. பல வருடங்களுக்கு ஒருமுறைதான் பூக்கும். மற்ற நாட்களில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, போஞ்சிக்கொடிக்குக் கம்பு தேடுபவர்களைத் தவிர.

அந்தக் காட்டுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விறகு பொறுக்க எத்தனையோ முறை போயிருக்கிறேன். தேயிலை முடியும் இடத்தில் ஓர் அடி எடுத்து வைத்தால் வெளிச்சம் குறையும், குளிர் ஏறும். இரண்டு பக்கமும் நெலு வந்து தோளில் இடித்து ரவிக்கையை நனைக்கும். மழை இல்லாத நாளிலும் மரங்களில் பிடித்திருக்கும் பாசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு அடி எடுத்து வைத்தேன். வெளிச்சம் குறையவில்லை.

முட்டி உயரத்தில் ஒரு காடு

முதலில் வழி தப்பி வேறு எங்கோ வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பாதையின் இரண்டு பக்கமும், மேட்டிலும் சரிவிலும், ஊற்று வரைக்கும் நெலு முழுவதும் முட்டி உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. ஒரு குச்சி கூட, ஒரு குச்சி குறைய இல்லை. நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம். நெலுவோடு நெலுவாகப் பன்னம் என்ற பெரணிச் செடிகளும், இளங்கன்றுகளும், பேர் தெரியாத செடிகளும் போயிருந்தன. பெரிய மரங்களை மட்டும் தேயிலை மலையில் நிழலுக்கு மரம் விடுவது போல விட்டிருந்தார்கள். அந்த மரங்களிலும் கை எட்டும் உயரம் வரை பாசியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பட்டை வெளிறிக்கிடந்தது. முடி நிறைய இருந்த பிள்ளையை மொட்டையடித்துக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திய மாதிரி இருந்தது எனக்கு.

குனிந்து தரையைப் பார்த்தேன். பெருக்கி வைத்த வாசலைப் போல் வெறும் மண். முதல் நாள் மழை அதில் வாய்க்கால் வாய்க்காலாக அறுத்திருந்தது. எல்லா வாய்க்காலும் ஊற்றுக்குப் போயின. பிள்ளைகளுக்கு நான் பால் கரைக்கும் தண்ணீர் இருக்கிற குழியில் சேறு தளும்பிக்கொண்டிருந்தது.

சொட்டுச் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எப்புடி அண்ணி?" என்றாள் பொன்மணி. "பாசி கூட எடுத்துட்டோம்."

"யாரு பொன்மணி இத செய்யச் சொன்னா?"

"காட்டு இலாகா நிமல் மாத்தயாதான். கவ்வாத்துப் பண்ணச் சொன்னாரு."

அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அவளும் திரும்பி ஊற்றைப் பார்த்தாள். மழைக்குப் பிறகு அவளும் அன்றைக்குத்தான் மேலே வருகிறாள்.

"அண்ணி," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இந்த மண்ணு இங்கேருந்தா எறங்குது?"

கொஞ்சம் கவ்வாத்து என்று ஒன்று கிடையாது

மலையகத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். கவ்வாத்து என்பது சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முட்டி உயரத்துக்கு வெட்டி இறக்குவது. இலை மிஞ்சாது. வெறும் கிளைக்கூடு நிற்கும். வெட்டு சாய்வாக விழ வேண்டும், குச்சி பிளக்கக் கூடாது, மலை முழுவதும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். கிளைகளில் படிந்த பாசியைச் சுரண்டி எடுக்க வேண்டும். சில மாதத்தில் புதுக்கொழுந்து வெடித்து வரும்.

வெட்டி விழுந்த குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். கவ்வாத்து மலையின் மிலாறு எங்கள் சனத்துக்குச் சொந்தம். கட்டுக் கட்டாகக் கட்டி லயத்துக்குக் கொண்டுவந்து காயப்போடுவோம். அதை எந்தத் தோட்டத் துரையும் தடுத்து நான் கேள்விப்பட்டதில்லை.

முன்பெல்லாம் கவ்வாத்து ஆண்களின் வேலை. ஆண்கள் கொழும்புக் கடைகளுக்குப் போன பிறகு கத்தி பெண்கள் கைக்கு வந்தது. பொன்மணி அதில் கெட்டிக்காரி. அவள் வெட்டிய நிரையில் கண்டாக்கையா மட்டக்கம்பு வைத்துப் பார்க்க மாட்டார்.

எங்கள் ஆட்களிடம் கவ்வாத்து என்று சொன்னால் அவர்கள் முடிவு வரை போவார்கள். பாதியில் நிறுத்தினால் அதற்குப் பெயர் கவ்வாத்து இல்லை, சோம்பேறித்தனம்.

கேஸ் இல்லாத வருடம்

இந்தக் குழு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கேஸ் இல்லாத வருடத்துக்குப் போக வேண்டும். நாடே வரிசையில் நின்ற வருடம். சிலிண்டர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கரண்ட் வந்தால் வந்தது. எங்களுக்கு என்றைக்கும் விறகு அடுப்புதான் என்பதால் முதலில் நாங்கள் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தோம். டவுனில் மாடி வீட்டுக்காரர்கள் அடுப்புக்கூட்ட மூன்று கல்லுக்கு அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சிரித்தோம்.

பிறகு அந்த டவுன் எங்கள் காட்டுக்கு வந்தது. லொறியோடு வந்தது, ரம்பத்தோடு வந்தது. அவர்கள் எடுக்கும்போது நாம் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று எங்கள் பெண்களும் கத்தி எடுத்துப் போனார்கள். காட்டு விளிம்பு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. இலாகாவின் ஆட்கள் பிடித்தார்கள். லொறி தப்பியது, தலைச்சுமைக்காரிகள் மாட்டினார்கள். இலாகாக்காரர்கள் எங்களைக் கள்ளர் என்றார்கள். வேகாத அரிசியையா பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று நாங்கள் கேட்டோம். இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத நிலை.

கடைசியில் எங்கள் பிள்ளைமடுவத்தில்தான் பேச்சு நடந்தது. தோட்டத்தில் எல்லோரும் உட்கார வேறு இடமில்லை. தொட்டில்களை ஓரமாக நகர்த்திவிட்டுப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். லயத்து ஆட்கள் காட்டுக்குக் காவல் இருப்பார்கள், ரம்பத்தோடு யார் வந்தாலும் தகவல் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, காய்ந்து விழுந்த விறகை நாங்கள் பொறுக்கிக்கொள்ளலாம். மரக்கன்று நடவும், காட்டைக் கெடுக்கும் வெளியூர்க் களைகளைப் பிடுங்கவும், பாதையைப் பார்த்துக்கொள்ளவும் லயத்திலிருந்தே சம்பளத்துக்கு ஒரு குழு.

அந்தக் குழுவுக்காகப் பொன்மணி தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து தன் பேரை வெட்டிக்கொண்டாள். எங்கள் தோட்டத்தில் பேர் இருந்தால்தான் குடியிருக்க லயத்தில் ஒரு காம்பரா. ஊற்றுத் தண்ணீர் ஃபெக்டரிக்கும் போகிறது என்பதால் துரை கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் கண்டாக்கையா அவளைக் கூப்பிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "அந்த வேலை இருக்க மட்டும் ஒன்னைய ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கோர்ட்டு கேஸுன்னு வந்திச்சி, காம்பராவ விட்ருவ, தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டுத்தான் போனாள்.

கன்னுக்குட்டி நடும் மாத்தயா

நிமல் மாத்தயா எங்கள் பக்கத்துக் காட்டுக்குப் பொறுப்பான இளம் அதிகாரி. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. பஸ்ஸிலும் கடைவீதியிலும் பொறுக்கிய தமிழை எங்களிடம் கொண்டுவந்து தாராளமாகச் செலவழிப்பார். மரக்கன்றை எப்படியோ கன்னுக்குட்டி என்று பிடித்துக்கொண்டார். "இன்னைக்கி மேல நெறைய கன்னுக்குட்டி நடணும், எல்லாரும் வாங்க" என்பார். லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார், திருத்திக்கொள்ள மாட்டார்.

சொல் தப்பாக இருந்தபோதெல்லாம் அவர் சொல்வது எங்களுக்கு ஒழுங்காக விளங்கியது. இந்த முறை சொல் சரியாக இருந்தது. அதுதான் வினை.

சிங்களத்தில் கப்பாது என்று ஒரு சொல் உண்டு. நம் கவ்வாத்துக்கு அக்காவோ தங்கையோ. அவர்கள் அதை எதற்கும் சொல்வார்கள். வேலியைக் கொஞ்சம் தட்டிவிடுவதும் கப்பாது, சம்பளத்தில் பிடிப்பதும் கப்பாது. கரண்ட் வெட்டின நாட்களில் ரேடியோவில் நாள் முழுக்கக் கப்பாது, கப்பாது என்றுதான் சொன்னார்கள். பாதையில் நீட்டிக்கொண்டிருந்த நெலுவை ஓரம் தட்டிவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த சொல்லும் கப்பாதுதான். நிமல் மாத்தயா தன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில், அதை அழகான தமிழாக்கி விட்டுப் போனார்.

பொன்மணி திருப்பிக் கேட்டிருக்கிறாள். "காட்டுலயா மாத்தயா? கவ்வாத்தா?"

"ஆமா, ஆமா, கவ்வாத்துதான். ரெண்டு பக்கமும் நல்லா பண்ணுங்க," என்றாராம் அவர். தன் தமிழ் விளங்கிவிட்ட சந்தோஷத்தில் சிரித்துவிட்டுப் பஸ் ஏறினாராம்.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சி அண்ணி," என்று பொன்மணி என்னிடம் சொன்னாள். "ஆனா அரசாங்கத்துக் காடு. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிறப் போவுதுன்னு வெட்டிட்டோம்."

அன்று மத்தியானம் நிமல் மாத்தயா கல்யாண வீட்டுக் கொக்கிஸ் பலகாரமும் பணியாரமும் நிரம்பிய பையோடு வந்து இறங்கினார். எங்களைப் பார்த்ததும் பையைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் அவரை நேராக மேலே கூட்டிப் போனோம்.

காட்டு வாயிலில் நின்றார். பை கையிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை. "அனே," என்று மட்டும், சிங்களத்தில் ஐயோ என்பது போல, ஒரு சத்தம் வந்தது. சுரண்டிய மரம் ஒன்றிடம் போய்ப் பட்டையைத் தடவினார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கதானே மாத்தயா சொன்னீங்க, கவ்வாத்துன்னு," என்றாள் பொன்மணி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வலது கையை நீட்டி, விரலால் காற்றில் லேசாக இப்படியும் அப்படியும் தட்டிக் காட்டினார். வேலியின் நுனியைத் தட்டுகிற மாதிரி. "கப்பாது," என்றார். "நான் சொன்னது கப்பாது."

எங்களுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் யாருக்கும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. சிந்திய கொக்கிஸில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

லயத்துக்குப் பின்னால் கிடந்த கட்டுகள்

மறுநாள் நுவரெலியாவிலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். வயதானவர், பொறுமையாகப் பேசுகிறவர். கோபக்காரர் என்றால் சமாளித்துவிடலாம், சத்தம் போட்டு அடங்குவார்கள். பொறுமைசாலிகளைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அவர் காட்டைப் பார்த்தார். இறங்கி வரும்போது லயத்துக்குப் பின்னால் சுவரில் சாய்த்துக் காயப்போட்டிருந்த கட்டுகளைப் பார்த்தார். வீட்டுக்கு வீடு நெலுக்கட்டு. எங்கள் கண்ணுக்கு அது மிலாறு. அவர் கண்ணுக்கு அது திருட்டு.

"நான்தான் சேர் கப்பாது செய்யச் சொன்னேன்," என்று நிமல் மாத்தயா சிங்களத்தில் சொன்னார். அதை அவர் மறைக்கவில்லை, அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு.

"கப்பாது செய்யச் சொன்னாய். விறகு கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாயா?"

நிமல் மாத்தயா கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"மிலாறு வெட்டுனவங்களுக்குத்தானே மாத்தயா," என்றாள் பொன்மணி. அதைச் சிங்களத்தில் சொல்ல நிமல் மாத்தயா தடுமாறினார். எனக்குச் சிங்களம் வாசிக்கக்கூடத் தெரியும், நானும் முயன்று பார்த்தேன். நாங்கள் என்ன சொன்னாலும் அது கடைசியில் விறகு என்றுதான் போய் முடிந்தது. விறகு என்று சொல்லச் சொல்ல எங்கள் வழக்கு மோசமாகிக்கொண்டே போனது.

பெரியவர் முடிவாகச் சொன்னார். நாளை மறுபடி வருவார். அதற்குள் ஒவ்வொரு வீட்டுக் கட்டும் மேலே போக வேண்டும், மண் இறங்காமல் சரிவில் குறுக்கே போட வேண்டும். எந்த வீட்டுக் கட்டு வரவில்லையோ அந்த வீட்டின் மேல் வழக்கு. வந்தாலும்கூட, விறகுக்காகத்தான் இதைச் செய்தார்கள் என்று அவருக்குத் தோன்றினால் தலைவியின் மேல் வழக்கு, காட்டுப்பாதைக்கும் பூட்டு.

அவர் போன பிறகு பொன்மணி தன் காம்பரா வாசலில் நின்றாள். சுவரோரம் வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. கீழ் லயத்தில் இரண்டு நாளுக்கு முன் ஒரு சாவு. சாவு வீட்டுக்கு வெந்நீர் வைக்கவும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவும் விறகு கொடுப்பது எங்கள் லயத்து வழக்கம். தன்னுடையதுதான் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று பொன்மணி எல்லாக் கட்டையும் தூக்கிக் கொடுத்திருந்தாள். அவளுடைய நெலு சாம்பலாகிவிட்டது.

"என் கட்டுல ஒன்ன எடுத்துக்க," என்றேன்.

"உங்க வீட்டுக் கட்டு உங்க கணக்கு அண்ணி. அந்தாளு வீட்டுக்கு வீடு பாத்துட்டுப் போயிருக்காரு." காம்பராவுக்குள்ளே மகள் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பொன்மணி அந்தப் பக்கம் திரும்பாமலே நின்றாள். "கேஸுன்னா காம்பரா போயிரும். பரீட்சை எழுதுற புள்ளய வச்சிக்கிட்டு நான் எங்க அண்ணி போவேன்?"

கிடைத்ததைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், சிங்களத்தையும் தமிழையும் சேர்த்துத் திட்டினேன்.

மேலே போன விறகு

விடிந்ததும் புறப்பட்டோம். நானும் என் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டேன்.

எங்கள் வாழ்நாளில் விறகு கீழே வந்துதான் பழக்கம். காட்டிலிருந்து லயத்துக்கு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. கால்களுக்கே அது தெரியும். அன்றைக்கு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினோம். கழுத்து பின்னால் இழுத்தது. கொழுந்து மலையில் நின்ற பெண்கள் கூடையோடு எங்களையே பார்த்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பொன்மணி கடைசியாக வந்தாள். அவள் தலையிலும் ஒரு கட்டு இருந்தது.

பக்கத்தில் வந்ததும்தான் பார்த்தேன். அது நெலு இல்லை. நெலு நேராக, மெலிசாக இருக்கும். இது முண்டும் முடிச்சுமாக, சாம்பல் பூத்த குச்சிகள். அடைமழைக்கென்று அவள் அடுப்புக்கு மேல் பரணில் சேர்த்து வைத்திருந்த தேயிலை மிலாறு.

"அடியே, அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

"பேசாம வாங்க அண்ணி."

பெரியவர் ஊற்றுக்கு மேலே நின்றார், பக்கத்தில் நிமல் மாத்தயா. ஒவ்வொருவராகக் கட்டை இறக்கினோம். ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையசைத்தார். பொன்மணியின் கட்டு விழுந்தபோது அதன் சத்தமே வேறாக இருந்தது. அவர் குனிந்து ஒரு குச்சியை உருவினார்.

"மே தே நேத?" என்றார். இது தேயிலை இல்லையா என்று கேட்கிறார். நிமல் மாத்தயா கண்ணை மூடிக்கொண்டார். ஏமாற்றப் பார்த்தாள் என்று இனி கூடுதலாக ஒரு குற்றமும் சேரும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"ஆமாங்க மாத்தயா, தேயிலதான்," என்றாள் பொன்மணி தமிழில். "என் நெலு சாவு வீட்டுல எரிஞ்சி போச்சி. கொடுக்க என்கிட்ட இதுதான் இருக்கு. இதுவும் நான் வெட்டுனதுதான். போன கவ்வாத்துல."

அவர் கையிலிருந்த குச்சியை மரியாதையாக வாங்கினாள். நெலு அடித்தண்டு ஒன்றின் அருகே உட்கார்ந்து, குச்சியின் வெட்டு முனையை அந்த வெட்டோடு ஒட்டி வைத்தாள். இரண்டும் ஒரே சாய்வு. இரண்டிலும் பிளவு இல்லை.

"வெறகுக்கு வெட்டுறவன் மட்டம் பாப்பானாங்க? பாசி எடுப்பானா? கெடைச்சத வெட்டிக்கிட்டு ஓடிற மாட்டான்? இவரு ஒரு வேலை சொன்னாரு. அந்த வேலைய எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒழுங்கா செஞ்சோம். ஒழுங்கா செஞ்சதுதான் இப்ப எங்க தலையில விழுந்திருக்கு."

நிமல் மாத்தயா அதைச் சிங்களத்தில் சொன்னார். இந்த முறை தடுமாறவில்லை.

பெரியவர் குச்சியை வாங்கிக்கொண்டு அடுத்த தண்டில் வைத்துப் பார்த்தார். அதற்கு அடுத்ததிலும் வைத்துப் பார்த்தார். பாதை நெடுகக் குனிந்து குனிந்து போனார். சுரண்டிய மரம் ஒன்றின் முன்னால் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தன் வீட்டில் ஒரு சாவு விழுந்தவர் மாதிரி இருந்தார்.

எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் ஆளுக்கொரு அர்த்தத்தில் சொல்லியிருக்கிறோம் என்றார் சிங்களத்தில். வழக்கு இல்லை என்றார். குழு இருக்கட்டும், விறகு பொறுக்குவதும் இருக்கட்டும், ஆனால் இனி அதிகாரி பக்கத்தில் நிற்காமல் ஒரு கத்தியும் காட்டுக்குள் வரக்கூடாது என்றார். தேயிலைக் குச்சியைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார்.

பொன்மணி தப்பினாள். காம்பரா தப்பியது. எங்கள் பெண்களில் ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி சாமியைக் கும்பிட்டாள். மாலை வரை கட்டுகளை அவிழ்த்துச் சரிவில் குறுக்கே அடுக்கினோம். நெலுவோடு நெலுவாகத் தேயிலை மிலாறும் அந்தக் காட்டு மண்ணில் கிடந்தது.

இறங்கப் போகும் நேரத்தில் பொன்மணி நிமல் மாத்தயாவிடம் போனாள்.

"கவ்வாத்து வெட்டுனா துளுக்கும்தானே மாத்தயா? தேயில மூணு நாலு மாசத்துல துளுத்துரும். இது எப்ப துளுக்கும்?"

நெலு விதையிலிருந்து மெல்ல வரும் என்றார். சொல்லிவிட்டு வெளிறிக்கிடந்த மரங்களைப் பார்த்தார். பனியைப் பிடித்துத் தண்ணீராக்கி ஊற்றுக்கு அனுப்புவது அந்தப் பாசிதான் என்று தனக்குத் தெரிந்த தமிழில் கையாலும் வாயாலும் சொன்னார்.

"அப்ப பாசி?" என்றாள் பொன்மணி.

அவர் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

"பாசி இந்த மாதிரி திரும்ப வார நேரம், பொன்மணி, நீங்க கெழவி. நான் கெழவி. எல்லாம் கெழவி."

தன்னையும் சேர்த்துக் கெழவி என்றார். வேறொரு நாளாக இருந்திருந்தால் லயமே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.